பேறுகால ஓய்வு: ஓர் உரிமை பிறந்த வரலாறு

மகப்பேறு என்பது நம் மொழியின் அழகிய சொற்களுள் ஒன்று. மகவைப் பெறுதலே ஒரு பேறு என்று அது சொல்லாமற் சொல்கிறது. ஆயினும், அப்பேற்றை ஈன்றளித்தவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதை வீடு அறிந்திருந்த அளவுக்கு ஆலையும் சுரங்கமும் அறிந்திருக்கவில்லை.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மவர் வழக்கம். சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் சேர்த்துக் கிளறிய லேகியம், பூண்டு மணக்கும் பத்தியச் சோறு, வெந்நீர்க் குளியல் ஆகியவை உடலைத் தேற்றின. நள்ளிரவில் குழந்தை அழுதால் எடுத்துக்கொள்ள இன்னொரு கை இருந்ததே, அது மனத்தைத் தேற்றியது.

பிழைப்பைத் தேடிப் பம்பாய் வந்த ஆலைப் பெண்ணுக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. ஆகவே பச்சிளங்குழந்தைக்கு அபினி உருண்டை கொடுத்து உறங்கவைத்துவிட்டு ஆலைக்குச் சென்ற தாய்மார் பலர். இது கொடுமை மட்டுமன்று. வறுமை கற்பித்த வழியுமாகும்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு முன் 6 வாரமும் பின் 6 வாரமும் ஓய்வு வேண்டும் என வகுத்தது. 1924-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் கொணர்ந்த மசோதா நிறைவேறவில்லை. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் இப்பிரச்சினை எழுந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். தாய் பெறும் ஓய்வு நாட்டுக்கே நன்மை தருவது. ஆதலால் அச்செலவில் அரசாங்கத்துக்கும் பொறுப்புண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டே பம்பாயில் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணச் சட்டம் 1934-இல் இயற்றப்பட்டது. சுரங்கப் பெண்களுக்கான சட்டம் 1941-இல் வந்தது.

மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட விதிகளை ஒரு நெறிப்படுத்தியது 1961-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அது 12 வார ஊதியத்துடன் நில்லாமல், குழந்தைக்குப் 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாள்தோறும் இரு இடைவேளைகளும் அளித்தது. விடுப்பிலிருக்கும் பெண்ணை வேலையினின்று நீக்குவதையும் தடுத்தது. 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் என உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டது.

எனினும் ஒரு குறை உண்டு. விடுப்புக்கால ஊதியத்தைப் பெரும்பாலும் முதலாளியே சுமப்பதால், இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கவே சிலர் தயங்குகின்றனர். அம்பேத்கர் சுட்டிய அரசின் பங்கு இன்றும் சிந்தனைக்குரியது. வயலிலும் கட்டடப் பணியிலும் வீட்டு வேலையிலும் உழைக்கும் பெண்களுக்கோ 26 வாரம் எட்டாக் கனி. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த ரூ. 6,000-க்குக் குறையாத உதவித் தொகை அவர்களுக்கு ஓரளவே கைகொடுக்கும்.

என் மனைவி டில்லியில் பிள்ளை பெற்றபோது, அவள் தாயார் இரு இரவுகள் ரயிலில் பயணம் செய்து, லேகியச் சம்படத்துடன் வந்து இறங்கினார். அந்த அம்மையார் வீட்டில் கால் வைத்த பிறகே அவள் நிம்மதியாக உறங்கினாள். சட்டம் தந்த விடுப்பு அவளுக்கு இருந்தது. துணையோ ரயிலேறி வரவேண்டியிருந்தது.

ஆகவே அயல் மாநிலத்தில் வாழும் நாம் ஒன்று செய்யலாம். அண்டை வீட்டில் ஒருத்தி பிள்ளை பெற்றிருந்தால், குழந்தையைப் பார்ப்பதற்கு முன் தாயை நலம் விசாரிப்போம். ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுப்போம். இரண்டு வாரம் கடந்தும் அவள் முகம் வாடியே இருந்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதிருப்போம். ஓய்வைச் சட்டம் கொடுக்கும்; உறவை நாம்தாம் கொடுக்கவேண்டும்.