ஒளியால் இறுகிய படலம்

புகைப்படக்கலையின் வரலாறு, பிரெஞ்சு அரசு தாகேரின் முறையை உலகறிய வெளியிட்ட 1839ஆம் ஆண்டிலேயே தொடங்குவதாகக் கூறுவது வழக்கம். இக்கூற்று, அவருக்கு முன் உழைத்த நிசெபோர் நியெப்ஸ் என்பாரை வெறும் முன்னோடியாக ஒதுக்கிவிடுகின்றது. அவரது முறையின் பிற்கால வரலாற்றை நோக்கின் இம்மதிப்பீடு பொருந்தாமை புலனாகும்.

நியெப்ஸ் முதலில் நாடியது, அச்சுத் தகடுகளை ஒளியின் துணையால் ஆக்குவதாகும். யூதேயா நிலக்கீலை இலவெண்டர் எண்ணெயிற் கரைத்து, உலோகத் தகட்டின்மீது மெல்லிய படலமாகப் பூசினார். ஒளி பட்ட பகுதி இறுகிக் கரையுந் தன்மையை இழந்தது. படாத பகுதி கரைப்பானாற் கழுவப்பட்டது. 1826இல் கார்டினல் தம்புவாசின் செதுக்குச் சித்திரமொன்றை அவர் இவ்வாறு பிரதிசெய்தார். ஆயின், கமெராவினுட் படம் பதிவதற்கு மிக நீண்ட நேரம் வேண்டியிருந்தது. சில நிமிடங்களிற் படந் தந்த தாகேரின் வெள்ளித் தகடே மக்களைக் கவர்ந்தது. நியெப்ஸோ 1833இலேயே மறைந்துவிட்டார்.

எனினும், தாகேரின் முறை சுமார் இருபது ஆண்டுகளில் வழக்கிழந்தது. ஒளியாற் படலத்தை இறுகச்செய்யும் முறையோ அச்சுத்தொழிலில் நிலைபெற்றது. 1852இல் தோல்பற், இருகுரோமேற்றுக் கலந்த ஜெலற்றீனைக் கொண்டு தகடு செதுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1950களின் முற்பகுதியில் கொடாக் நிறுவனத்தின் லூயிஸ் மின்ஸ்க், ஒளி பட்டதும் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும் பொலிவைனைல் சின்னமேற்று என்னும் பல்பகுதியத்தை ஆக்கினார். அச்சுத் தகட்டிற்கென எழுந்த அப்படலமே, அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் திரான்சிற்றர்களின் நுண்ணுருக்களை வரையவும் பயன்பட்டது.

இம்மரபு அத்துடன் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் டேவிட் பீபி குழுவினர், நுண்கால்வாய்களுள் நிரப்பிய திரவத்தின்மீது புறவூதா ஒளியைப் பாய்ச்சி, சிறு மூலக்கூறுகளிலிருந்தே பல்பகுதியக் கூழுருக்களை ஆக்கினர். அவை காரத்தில் வீங்கி வழியை அடைத்தன; அமிலத்திற் சுருங்கி வழிவிட்டன. ஒளி ஆக்கிய பொருள், இரசாயனச் சூழலை உணர்ந்து தானே இயங்கும் கதவாயிற்று.

நியெப்ஸ் இவற்றையெல்லாம் முன்னுணர்ந்தார் எனல் மிகையாகும். ஆயினும், ஒரு முறையின் பெறுமதியை அதன் காலத்துச் சந்தை வெற்றியைக் கொண்டு மட்டும் அளத்தல் வரலாற்று நோக்காகாது என்பதற்கு அவரது நிலக்கீற் படலம் தக்க சான்றாகும்.