கிணற்றடியும் கண்ணாடியும்

கல்முனையிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் பெருந்தெரு சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் எனும் ஊர்களைக் கடந்து பாலமுனையை அடைகின்றது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே வயல்வெளி, இடையே மணற்பாங்கான நிலம். இம்மணலில் அதிகம் ஆழமாகத் தோண்டாமலே நீர் ஊறும். ஆதலால் கிணறு இக்கரையோர வீட்டின் ஓர் உறுப்பாகவே இருந்து வந்தது. குளிப்பதும் துவைப்பதும் கிணற்றடியில். பெண்கள் குளிக்கும் பொருட்டு அதனைச் சுற்றிக் கிடுகு வேலி கட்டுவர். மேலே வானம், பக்கத்தில் வாழை, காலடியில் கல் அல்லது சீமெந்துத் தரை. இத்தகைய இடத்திற் கண்ணாடிக்கு என்ன வேலை? அது வீட்டினுள்ளே, சுவரிலோ அலுமாரிக் கதவிலோ இருந்தது. குளித்துத் தலை துவட்டி உள்ளே வந்த பின்னரே முகம் பார்த்தனர்.

ஆகவே, ஓடாவியார் அளவெடுத்துச் செய்து தரும் மரச்சட்டமிட்ட குளியலறைக் கண்ணாடி இக்கரைக்குப் புதிய பொருள். வீட்டுக்குள் நீர் வந்த பின்னரே அது வந்தது. ஆனால் கண்ணாடிக்கும் நீராட்டுக்கும் உள்ள உறவு புதியதன்று. ஆண்டாள் அருளிய திருப்பாவையில் ஆயர் மகளிர் விசிறியும் வேண்டும், தட்டொளியும் வேண்டும், நீராட்டவும் வேண்டும் என ஒருசேரக் கேட்கின்றனர். தட்டொளி என்பது கண்ணாடி. ஒளிரும் தட்டு என்னும் அப்பெயரே அக்காலக் கண்ணாடி எத்தகையது என்பதைக் காட்டிவிடுகின்றது. அது உலோகத் தகடு. செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து வார்த்து, முகம் தெரியும்வரை தேய்த்து மெருகேற்றிய தகடு. கேரளத்து ஆறன்முளையில் இன்றும் சில குடும்பத்தார் அத்தகைய கண்ணாடியைச் செய்து வருகின்றனர்; கலவையின் விகிதம் அக்குடும்பங்களின் இரகசியம்.  உலோகக் கண்ணாடி காற்றுப் பட்டால் மங்கும். அடிக்கடி துலக்க வேண்டும்.

பளிங்குபோன்ற கண்ணாடித் தகட்டின் முதுகில் ஈயப்பூச்சுப் பூசி முகம் பார்க்கும் வித்தையைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்கள் வெனிஸ் நகரத்தார். அந்நகரை அடுத்த முறானோத் தீவில் 16ஆம் நூற்றாண்டில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துக் கண்ணாடி செய்தனர். தொழில் தெரிந்தவர் நாட்டை விட்டு வெளியேறுதல் குற்றமாகக் கருதப்பட்டது. இருந்தும் பிரெஞ்சு அரசு அவர்களுட் சிலரை இரகசியமாக வரவழைத்து 1665ஆம் ஆண்டில் தனது சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியது. வேர்சாய் அரண்மனையில் 1684இல் நிறைவுற்ற கண்ணாடி மண்டபத்தில் 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. பேரரசனேயாயினும் ஒரு சுவரை மூடும் ஒற்றைக் கண்ணாடியை அன்று பெற முடியவில்லை. சிறு சிறு துண்டுகளை அடுக்கியே மண்டபம் அமைத்தான். அந்த மினுக்கத்துக்குக் கொடுத்த விலை அரசன் கருவூலத்தோடு நிற்கவில்லை. பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் நடுக்கமும் பல்வீழ்ச்சியும் கண்டு நலிந்தனர். இந்நிலையை மாற்றியது ஜேர்மானிய இரசாயனவியலார் யூஸ்டஸ் வொன் லீபிக்கின் ஆய்வு. வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து தூய வெள்ளியைக் கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாகப் படியச் செய்யலாம் என 1835ஆம் ஆண்டில் அவர் கண்டார். அதன் வழியே காலப்போக்கிற் பாதரசம் விலகியது, விலை இறங்கியது, கண்ணாடி சாதாரண மக்களின் வீட்டுக்கு வந்தது.

அந்த வெள்ளிப் படலம் ஒரு தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. பின்புறத்தில் செம்புப் பூச்சும் வர்ணப் பூச்சும் அதனைக் காக்கின்றன. ஆயினும் விளிம்பில் காப்புக் குறைவு. ஈரமும் உப்பும் அங்கேதான் நுழைகின்றன. கடற்கரை வீடுகளிற் கண்ணாடியின் ஓரம் கறுத்து, கறை மெல்ல மெல்ல உள்நோக்கி ஊர்வதைப் பலரும் கண்டிருப்பர். கண்ணாடி கெட்டுவிட்டது என்பர். உண்மையிற் கெட்டது வெள்ளி. கண்ணாடி அப்படியே இருக்கின்றது.

மரச்சட்டம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பது இங்கேதான் விளங்கும். சட்டம் அந்த விளிம்பை மூடிக் காக்க வேண்டும்; அதே வேளையில் தானே ஈரத்தை உறிஞ்சி விளிம்புக்கு ஊட்டாமலும் இருக்க வேண்டும். மரம் உயிர் போன பின்னரும் அசையும் பொருள். ஈரம் பட்டால் அகலவாட்டிற் பருக்கும், உலர்ந்தாற் சுருங்கும். நீளவாட்டில் அது அதிகம் மாறாது. நான்கு துண்டுகளைச் சாய்வாக வெட்டி மூலையிற் பொருத்தி ஆணி அடித்துவிட்டால், ஒரு மாரிகாலம் கழிவதற்குள் மூலைகள் வாய் பிளக்கும். ஆதலால் நல்ல ஓடாவியார் நன்றாக உலர்ந்த மரத்தையே எடுப்பார். மூலையில் ஒரு துண்டின் நாக்கை மற்றதன் துளையிற் செலுத்தி இறுக்குவார். உட்புறத்திற் கண்ணாடி அமரும் படியைச் சற்று விசாலமாகவே சீவுவார். கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே, தச்சர் கணக்கில், ஒரு நூல் இடைவெளி. மரம் பருத்தாலும் கண்ணாடி வெடிக்காது. படியினுள்ளும் பின்புறத்திலும், கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விடாமல், வார்னிஷ் பூசுவார். இரும்பாணி உப்புக் காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கும். பித்தளைத் திருகாணியே இங்குத் தகும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் மரக்கட்டை வைத்துக் காற்றோடவும் வழி செய்வார்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கரையோரத்துக்கு மேற்கேயிருந்த உலர்காடுகளில் முதிரையும் பாலையும் கருங்காலியும் வளர்ந்தன. முதிரையின் பொன்னிற மினுக்கமும் கருங்காலியின் கருமையும் ஒல்லாந்தர் காலத்திலேயே இலங்கைத் தளபாடங்களுக்குப் பெயர் தேடித் தந்தவை. 1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். உள்ளூர்த் தச்சரைக் கொண்டு கட்டிலும் கதிரையும் பெட்டகமும் செய்வித்தனர். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது உட்புறத்துக் காடுகளின் பெரும்பரப்பு வெட்டப்பட்டு வயலாயிற்று. நெல் பெருகியது. முதிரை அருகியது. இன்று அம்மரத்தை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி வேண்டும். தேக்கும் பலாவும் வேம்பும் அதன் இடத்துக்கு வந்துள்ளன. பழைய வீடு இடிக்கப்படும்போது கழற்றப்படும் முதிரைக் கதவுநிலைக்கு மதிப்பு உண்டாவது இதனாலேதான். உலர்வதற்கு இனி அதனிடம் ஒன்றுமில்லை.

அளவெடுத்துச் செய்யும் வழக்கத்துக்கு இக்கரையில் ஒரு தனிக் காரணமும் உண்டு. இங்குத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மணம் முடித்தல் நெடுங்கால வழக்கு. மணமகனே மனைவியின் வீட்டுக்குக் குடி வருவார். ஒரு தகப்பனார் ஆண்டுக்கணக்காகச் சேமித்து, நெல் விற்றோ மீன் விற்றோ வெளிநாட்டில் உழைத்தோ, கையில் பணம் வரவர வீட்டை வளர்ப்பார். இவ்வழக்கு பெற்றோர் தலையில் ஏற்றும் பாரத்தைப் பலர் கண்டித்துள்ளனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. அவ்வாறு படிப்படியாக எழும் வீட்டில் குளியலறை பெரும்பாலும் பின்னால் ஒட்டிச் சேர்க்கப்படுவது. யன்னலுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையில் எஞ்சிய சுவர் ஒரு வீட்டில் ஒன்றரை அடி, மற்றொன்றில் இரண்டேகால் அடி. மூலைகள் எப்போதும் செங்கோணமாகவும் இரா. கடையில் அடுக்கி வைத்த கண்ணாடி அச்சுவருக்குப் பொருந்துமா? ஓடாவியார் மூலைமட்டத்தைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். மேசனின் பிழையைத் தம் சட்டத்தில் மறைப்பார்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. இலங்கையில் எந்த மாவட்டத்திலும் அத்துணை இழப்பு நேரவில்லை. கரையோரத்தில் மகள்மாருக்கெனக் கட்டிய வீடுகள் சுவரும் தளபாடமுமாக அழிந்தன. கிணறுகளில் உப்பு நீர் புகுந்தது. மீண்டும் கட்டும் காலத்தில் எல்லாம் விரைவாக வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் விளிம்பிட்ட கண்ணாடி விரைவாகக் கிடைக்கும், விலையும் குறைவு, ஈரத்துக்கும் அஞ்சாது. அதனை வாங்கியவரைக் குறை கூற முடியாது. ஆனால் அதில் வெள்ளி கறுத்தால் விளிம்போடு சேர்த்து வீசுவதே பெரும்பாலும் வழி.

ஓடாவியார் செய்த சட்டத்தின் முதுகுப் பலகையோ நான்கு சிறு திருகாணிகளால் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். ஓரம் கறுத்த கண்ணாடியைக் கழற்றி, நீள அகலத்தைத் துண்டுக் காகிதத்திற் குறித்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனால், அதே அளவுக்கு வெட்டித் தருவார்கள். அன்று மாலைக்குள் புதிய கண்ணாடி பழைய சட்டத்தில் அமர்ந்துவிடும்.