சந்நியாசிக்கு என்ன வேலை?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுத்தாளன் தூங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் அப்படி ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. என் அக்காள் பேரனும் அவன் நண்பர்கள் நாலு பேரும் ஜமக்காளத்தை விரித்து, இருபது முகப் பகடையை உருட்டி, பூதங்களோடு யுத்தம் செய்கிற நேரம் அது. ஒருவன் கதை சொல்லுவான். மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

மூன்றாவது வாரம் கூடத்தில் திடீரென்று நிசப்தம். எட்டிப் பார்த்தேன். நால்வரில் சின்னவன் தன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் எடுத்திருந்தது சந்நியாசி வேஷம். கத்தியும் கவசமும் இல்லாமல் வெறுங்கையால் சண்டை போடுகிறவன். "உன்னாலே நமக்கு என்னடா பிரயோஜனம்?" என்று யாரோ கேட்டுவிட்டான்.

"தாத்தா, நீங்கதான் கதை எழுதறவராச்சே. அவனுக்கு என்ன வேலை கொடுக்கிறது, சொல்லுங்க" என்றான் பேரன்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தொடர்கதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பயில்வானைக் கொண்டுவந்து, முப்பதாம் அத்தியாயம் வரையில் அவனைத் திண்ணையிலேயே உட்கார வைத்தவன் நான். 'அந்தப் பயில்வான் எப்போது எழுந்திருப்பார்?' என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். வேலையில்லாத பாத்திரத்தின் துக்கம் எனக்குத் தெரியாதா? தூக்கத்தைத் துறந்து, அந்தச் சந்நியாசியின் பூர்வோத்தரத்தை விசாரிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ம் வருஷம் இந்த ஆட்டம் புறப்பட்டது. காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிஸன் என்ற இருவர் அதைச் செய்தவர்கள். அப்போது வேஷங்கள் மூன்றே மூன்று: வீரன், மந்திரவாதி, பூசாரி. வீரன் முன்னால் நின்று அடி வாங்குவான்; மந்திரவாதி பின்னால் நின்று நெருப்பை ஏவுவான்; பூசாரி காயத்தை ஆற்றுவான். அடுத்த வருஷம் பூட்டுத் திறக்கவும் பொறி கண்டுபிடிக்கவும் திருடன் சேர்ந்தான். நாலு பேருக்கும் நாலு வேலை. அடுப்புக்கு மூன்று கல் போதும் என்கிற இடத்தில் நாலாவதும் வந்தாயிற்று.

அதே 1975-ல் நம் சந்நியாசியும் வந்து சேர்ந்தான். புரூஸ் லீ காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சீனத் துறவி ஒருவர் அமெரிக்க மேற்கிலே அலைகிற 'குங் பூ' தொடர் டெலிவிஷனில் ஓடியிருந்தது. வெறுங்கைச் சண்டை என்றால் ஊரே மயங்கிய சமயம். அதாவது மற்ற நாலு பேரும் வேலைக்காக வந்தவர்கள். இவன் மோகத்தினால் வந்தவன். கஷ்டகாலம் அங்கேயே ஆரம்பம்.

நிஜமான ஷாவோலின் மடத்துத் துறவிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 1553-ல் சீனக் கடற்கரையில் கொள்ளைக்காரர்களை எதிர்த்து அவர்கள் படையாகத் திரண்டு போரிட்டார்கள். அக்காலத்தில் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முஷ்டி அல்ல, தடி. வெறுங்கை வித்தை பிரபலமானது பிற்பாடுதான். தடியெடுத்த துறவிக்கு அணியில் இடம் இருந்தது. சினிமாவிலிருந்து இறங்கிய துறவிக்கு இல்லை.

1978-ல் வெளியான விதிப் புஸ்தகத்தைப் பாருங்கள். சந்நியாசி ஆவதற்கே பலம், ஞானம், லாகவம் மூன்றிலும் பதினைந்துக்குக் குறையக் கூடாது. இவ்வளவு யோக்கியதை உள்ளவனுடைய முதல் அடி எவ்வளவு? ஒன்று முதல் மூன்று வரை. வீரனின் நீண்ட வாளோ ஒன்று முதல் எட்டு வரை வெட்டும். ஏழாம் படி தாண்டி மேலே போக வேண்டுமானால், அந்தப் படியில் இருக்கிறவரைத் தேடிப் போய்த் தனியாகச் சண்டையிட்டு ஜயிக்க வேண்டும். உச்சிப் படிக்குப் 'புஷ்பங்களின் மகாகுரு' என்று பட்டம், உலகத்துக்கே ஒருவர்தான். இவன் குருவோடு மோதுகிற வரையில் கூட வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

1985-ல் கீழ்த்திசைக்கென்று போட்ட தனிப் புஸ்தகத்தில் அவனைக் குடியேற்றினார்கள். 1989-ல் இரண்டாம் பதிப்பின் மூலப் புஸ்தகத்தில் அவன் பெயரே இல்லை. 2000-ல் மூன்றாம் பதிப்பு அவனை மறுபடி அழைத்தது. மான் போல் ஓடும் கால் கொடுத்தார்கள்; மழை போல் அடிக்கும் கையும் கொடுத்தார்கள். ஆனால் விதி என்ன? நின்ற இடத்தில் நின்றால்தான் பல அடி. ஓடிப் போனால் ஒரே அடி. காலைக் கொடுத்துக் கையைக் கட்டிய கதை இதுதான்.

2008-ல் வந்த நாலாம் பதிப்புக்காரர்கள் ரேஷன் கார்டு மாதிரி ஒவ்வொருவருக்கும் வேலையை எழுதியே கொடுத்துவிட்டார்கள்: தாங்குகிறவன், தாக்குகிறவன், துணை நிற்கிறவன், களத்தை அடக்குகிறவன். சந்நியாசி 2010-ல் 'தாக்குகிறவன்' என்ற சீட்டோடு வந்தான். சீட்டைவிட முக்கியமானது வேறொன்று. அவனுடைய வித்தைகளில் நகர்வதையும் அடிப்பதையும் ஒன்றாகக் கட்டினார்கள். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் ஓடிக்கொண்டே அடிக்கலாம். ஐந்தாம் படியில் எதிரியைத் தொட்டு ஸ்தம்பிக்க வைக்கவும் செய்யலாம். 2024-ல் திருத்திய புஸ்தகத்தில் அவன் ஆரம்ப அடி நாலு முகப் பகடையிலிருந்து ஆறு முகமாக உயர்ந்தது. கையையும் காலையும் சேர்த்து வைக்க முப்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது!

இதையெல்லாம் படித்ததும் எனக்கு நம் ஊர் சடுகுடு ஞாபகம் வந்தது. பாடிப் போகிறவனைப் பார்த்து, "நீ ஏன் சுவர் போல நிற்கவில்லை?" என்று யாராவது கேட்பார்களா? அவன் கோட்டைத் தாண்டுகிறான், தொடுகிறான், மூச்சு இருக்கும்போதே திரும்புகிறான். நிற்பது அவன் வேலை இல்லை. திரும்பி வருவதுதான் வேலை. சந்நியாசியை வீரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அரை வீரனாகத்தான் தெரிவான். எதிரி வரிசைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மந்திரவாதியிடம் அனுப்புங்கள். அங்கே போகக் கூடியவன் அவன் ஒருவன்தான். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கை கொடுக்க ஆள் வேண்டும். பாடிப் போனவனை மறந்துவிடுகிற கட்சி ஜயிக்காது.

பேரனிடம் இதைச் சொன்னேன். அவன் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு சின்னவன் வீட்டுக்கே போனான். மறு வாரம் சின்னவன் வந்தான். பூதங்களுக்கு நடுவே புகுந்து ஓடி, பின்னால் நின்ற சூனியக்காரனைத் தொட்டான். பகடை உருண்டது. சூனியக்காரன் ஸ்தம்பித்தான். "திரும்பி வாடா! நான் கேடயம் பிடிக்கிறேன்!" என்று கத்தினான் வீரன். பிரயோஜனத்தைப் பற்றிக் கேட்டவன் அவன்தான்.

ஆட்டம் முடிந்ததும் சின்னவன் என்னிடம் மெதுவாக வந்தான். "தாத்தா, போகும்போது பாட்டும் பாடணுமா?"

"பின்னே? மூச்சு விடாமல் பாட வேண்டும்!" என்றேன்.

அது என் தப்பு. அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் பகடைச் சத்தத்தோடு 'சடுகுடு, சடுகுடு' என்ற சத்தமும் கேட்கிறது. என் தூக்கம்தான் இன்னும் கோட்டைத் தாண்டிப் போனது திரும்பவில்லை.