தோட்டத்து முகவரியும் ஐ.பி. முகவரியும்: கோல சிலாங்கூர் வீட்டு இணையத்தின் கதை



"டீச்சர், லைன் போச்சு." 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு, இந்த வாக்கியம் நம் ஆசிரியர்களுக்குப் பழகிப்போனது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று தோட்டம் சூழ்ந்த ஊர்களில், இயங்கலை வகுப்பு நடக்கும்போதே ஒரு பிள்ளையின் பெயர் திரையிலிருந்து மறைந்துவிடும். வருகைப் பதிவில் அந்தப் பிள்ளை 'வரவில்லை' ஆகிவிடும். மூன்று நாள் அப்படி நடந்தால், 'அக்கறை இல்லாத பிள்ளை' என்ற பெயரும் சேர்ந்துவிடும்.

உண்மையில் போனது எது? லைனா, முகவரியா, தரவா? மூன்றும் வேறு வேறு. எது போனது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால், பாதிக் கோளாறு வீட்டிலேயே தீரும். மீதிப் பாதிக்கு யாரிடம் கேட்கணும் என்பதாவது தெளிவாகும். அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

1. ஒரே முகவரி, பல வீடுகள்

பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டம் மலேசிய வரலாற்றில் ஒரு மைல்கல். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே 1917-இல் அங்கேதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரே தமிழ். ரப்பரும் செம்பனையும் வளர்ந்த இந்த வட்டாரத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்து கடிதம் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்க. உறையில் ஆளின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். தபால்காரர் லயம் லயமாக ஏறி இறங்க மாட்டார். கடிதக் கட்டு தோட்டத்து ஆபீசுக்கு வரும். யார் எந்த லயத்தில் இருக்கிறார் என்பது ஆபீசில் கிராணிக்குத் தெரியும். அங்கிருந்துதான் கடிதம் கைக்கு வரும். வெளியுலகுக்கு ஒரே முகவரி, உள்ளே பல வீடுகள்.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்கள் வீட்டு ரூட்டர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

2. எண்கள் தீர்ந்துபோன கதை

கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க எண்ணால் ஆன முகவரி வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. இதன் நான்காம் பதிப்பு 1981-இல் வரையறுக்கப்பட்டது. 1983 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் இந்த முறைக்கு மாறியது. ஒவ்வொரு முகவரியும் நான்கு எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தம் 4,294,967,296 முகவரிகள்.

ஆய்வுக்கூடங்கள் மட்டும் பயன்படுத்திய காலத்தில் இது பெரிய தொகை. வீட்டுக்கு வீடு கணினி வந்தபோது போதவில்லை. 1990-களில் மூன்று ஏற்பாடுகள் வந்தன:

- 1993: டி.எச்.சி.பி. என்ற முறை. கருவி இணைந்தவுடன் ரூட்டர் அதற்குத் தானாகவே ஒரு முகவரி தரும், குறிப்பிட்ட கால அளவுக்கு மட்டும். லயத்து வீடு போலத்தான். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடு வேறொருவருக்கு.
- 1994: முகவரி மாற்று முறை. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். எந்தப் பதில் எந்தக் கருவிக்கு என்பதை ரூட்டர் குறித்து வைக்கும். நம்ம கிராணி செய்த வேலை.
- 1996: தனி முகவரிகளுக்கான இன்றைய வரையறை வந்தது. 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. இவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டுமே செல்லும்.

அதனால்தான் உங்கள் வீட்டு மடிக்கணினியிலும் பக்கத்து வீட்டு மடிக்கணினியிலும் 192.168.1.5 என்ற ஒரே எண் இருக்கலாம். எல்லாத் தோட்டத்திலும் 'ஐந்தாம் நம்பர் வீடு' இருந்தது மாதிரி. ஆனால் ஒரே தோட்டத்தில் இரண்டு 'ஐந்தாம் நம்பர்' இருந்தால் கடிதம் குழம்பும். ஒரே ரூட்டரில் இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்தால் இணைப்பும் அப்படித்தான் குழம்பும்.

2011 பிப்ரவரியில் உலக அளவிலான கையிருப்பு முழுதும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றான ஆறாம் பதிப்பு 2012 ஜூன் 6-இல் உலகளவில் நிலையாக நடைமுறைக்கு வந்தது. அதன் மொத்த முகவரிகளை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். இன்றுவரை இரண்டு பதிப்புகளும் சேர்ந்தே ஓடுகின்றன.

3. இணையம் தோட்டத்துக்கு வந்த வழி

மலேசியாவில் மைமோஸ் நிறுவனம் 1985-இல் தொடங்கப்பட்டது. 1987-இல் ரங்கோம் என்ற கணினி வலையமைப்பும், அதன் தொடர்ச்சியாக ஜாரிங்கும் வந்தன. 1992-இல் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுடன் இணைப்பு ஏற்பட்டது. வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். கணக்குப் போட்டுப் பாருங்க: இன்று கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றை அந்த இணைப்பில் அனுப்ப ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது ஒரு வீட்டின் வேகமில்லை. வெளியுலகுக்கான இணைப்பின் வேகம்!

1996-இல் டி.எம்.நெட், 2001-இல் ஸ்ட்ரீமிக்ஸ், 2010-இல் கண்ணாடி இழை வழி வந்த யூனிஃபை. ஸ்ட்ரீமிக்ஸ் பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியில் ஓடியது. தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் இணைப்பே கஷ்டம். பட்டணத்து வீட்டுக்கு இது பெரிய தடை இல்லை. செம்பனைக்கு நடுவே இருக்கும் லயத்துக்கு? வீடுகள் குறைவு, தூரம் அதிகம், நிலமும் தோட்ட நிறுவனத்துடையது. கம்பி இழுக்கும் செலவைப் பகிர ஆள் போதாது. ஆக, தோட்டத்துப் பிள்ளைக்கு இணையம் என்றால் பெரும்பாலும் கைப்பேசித் தரவுதான்.

இங்கே ஒரு விஷயத்தை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். வீட்டில் இருப்பது அப்பாவின் ஒரு கைப்பேசி, அதுதான் பிள்ளைக்கு இணைப்பு என்றால், அப்பா காலையில் வேலைக்குப் போகும்போது வீட்டு இணையமும் கூடவே போய்விடும். இதில் ரூட்டரும் இல்லை, கோளாறும் இல்லை. வகுப்பு நேரத்தை மாற்றுவதோ பதிவு செய்து அனுப்புவதோதான் தீர்வு.

இன்னொன்று: 2021 இறுதிக்குள் நாட்டில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 4ஜி இல்லாத பழைய கைப்பேசியில் பேச முடியும், சிக்னல் கோடும் தெரியும்; ஆனால் வகுப்பு பார்க்கிற அளவுக்குத் தரவு வராது. 'சிக்னல் இருக்கே, ஏன் வரல?' என்று பிள்ளையைக் கேட்கும் முன் கைப்பேசியின் வயதைக் கேளுங்கள்.

4. கோளாறு பார்க்கும் வரிசை

கடிதம் வரலைன்னா முதலில் வீட்டில் கேட்போம், பிறகு ஆபீசில், பிறகு தபால் நிலையத்தில். இங்கும் உள்ளிருந்து வெளியே போக வேண்டும்.

முதல் படி, கருவி: அருகலை திறந்திருக்கிறதா? சரியான பெயரில் இணைந்திருக்கிறதா? ரூட்டரில் விளக்கு எரிகிறதா? முன்கட்டணச் சிம் என்றால் தரவு மீதம் உண்டா?

இரண்டாம் படி, முகவரி: கருவியின் அமைப்புகளில் அருகலைப் பெயரைத் தொட்டால் ஐ.பி. முகவரி தெரியும். 192.168 அல்லது 10-இல் தொடங்கினால் பொதுவாக நல்லது. விண்டோஸ் மடிக்கணினியில் 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் முகவரி தரவில்லை, கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். அப்புறம் மடிக்கணினியை மீண்டும் இணையுங்கள். யாராவது கையால் முகவரி எழுதி வைத்திருந்தால், 'தானியங்கி' என மாற்றுங்கள். இரண்டு கருவிக்கு ஒரே எண் என்ற சிக்கலும் இதில் தீரும்.

மூன்றாம் படி, ரூட்டர்: அமைப்புகளில் 'நுழைவாயில்' என்று காட்டும் எண்ணுக்குப் பிங் கொடுங்கள். பிங் என்பது 1983-இல் மைக் மூஸ் எழுதிய சிறு நிரல். 'இருக்கியா?' என்று கேட்கும்; 'இருக்கேன்' என்று பதில் வந்தால் பாதை சரி. பெரும்பாலான ரூட்டர்கள் பதில் தரும். வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்ளே இருக்க வாய்ப்பு அதிகம்.

நான்காம் படி, வெளியுலகம்: 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் கொடுங்கள். ரூட்டர் பதில் தந்து இது தராவிட்டால், சிக்கல் பெரும்பாலும் ரூட்டருக்கு அப்பால். சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டிய இடம் இதுதான்.

ஐந்தாம் படி, பெயர்: எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் இணையப் பக்கம் திறக்கவில்லையா? பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையைச் சந்தேகப்படுங்கள். இதுவும் 1983-இல் பிறந்ததுதான்.

ஒரு குறிப்பு: சிம் போட்ட ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் பயப்பட வேண்டாம். பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுவனம் வைத்திருக்கிறது. பல தோட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு இதனால் தடை இல்லை.

5. தேர்வு நோக்கில்

உவமையின் எல்லையையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிராணி ஆளைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார். ரூட்டர் எண்ணைப் பார்த்து மட்டுமே கொடுக்கும். உவமை புரிந்துகொள்ள உதவும், விடைத்தாளில் கலைச்சொல்லும் ஆண்டும் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்:
1. நான்காம் பதிப்பு முகவரிகள் போதாமல் போனதற்கான காரணத்தையும், 1990-களில் வந்த மூன்று தீர்வுகளையும் விளக்குக.
2. ஒரு மடிக்கணினி 169.254.20.7 என்று காட்டுகிறது. கோளாறு எந்தப் படியில் உள்ளது? ஏன்?
3. செம்புக் கம்பி வழி இணையம் தோட்டப்புற வீடுகளுக்கு எளிதில் எட்டாததற்கு இரு காரணங்கள் தருக.
4. உங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரிடம் அன்றைய கடிதப் போக்குவரத்தைக் கேட்டு எழுதி, இன்றைய வீட்டு இணையத்தோடு ஒப்பிடுக.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "லைன் போச்சு" என்று பிள்ளை சொன்னால், "எந்தப் படியில் போச்சு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை பாடத்தையும் கற்றுக்கொண்டது. தன்மேல் விழவிருந்த 'அக்கறை இல்லாத பிள்ளை' என்ற பெயரையும் தானே துடைத்துக்கொண்டது.