பிராதைத் திருத்தலாமா? ஒரு விதியின் கதை

நீடாமங்கலம் பக்கம் ஒரு நஞ்சை நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராதில் சர்வே எண் 112/2 என்று இருக்க வேண்டும். 112/3 என்று டைப் ஆகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. இப்படியே தீர்ப்பு வந்தால் ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. டிகிரியில் இருப்பது பக்கத்து வயல் அல்லவா!

இந்தத் தவறைத் திருத்த வழி தருவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 6, விதி 17. பிராதையும் பதிலுரையையும் கோர்ட்டின் அனுமதியோடு திருத்தலாம் என்பதே அந்த விதி.

இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. கோர்ட் இருப்பது கட்சிக்காரர்களின் உரிமையைத் தீர்மானிக்க, அவர்களுடைய தவறுக்குத் தண்டனை கொடுக்க அல்ல என்று 1884-ல் நீதிபதி போவன் ஒரு வழக்கில் சொன்னார். எதிராளிக்கு ஏற்படும் நஷ்டத்தைச் செலவுத்தொகை கொடுத்துச் சரிக்கட்ட முடிந்தால் திருத்த விடலாம் என்பது அவர் கருத்து. மூன்றே வருடத்தில், 1887-ல், இதற்கு ஒரு எல்லையும் வந்தது. காலாவதியான புதுக் கோரிக்கையைத் திருத்தம் என்ற பெயரில் உள்ளே நுழைக்கக் கூடாது என்று அங்கே தீர்ப்பானது.

இந்தியாவில் 1908-ம் வருடச் சட்டம் 1909 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. வழக்கின் எந்தக் கட்டத்திலும் திருத்தலாம் என்று அது தாராளமாகச் சொன்னது. 1957-ல் லீச் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு தன் முன்னால் வந்த பிறகும், காலக்கெடு பிரச்சினை இருந்தும், பிராதைத் திருத்த அனுமதித்தது. நியாயம்தான் முக்கியம், காலக்கெடுவைப் பார்த்தாலும் அதுவே முடிவு அல்ல என்பது அதன் சாரம்.

ஆனால் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. தோற்கப் போகிறவர் கடைசி நேரத்தில் ஒரு திருத்த மனு போடுவார். எதிர்த்தரப்பு அதற்குப் பதில் போட வேண்டும். பிறகு விசாரணை, உத்தரவு, அதன் மேல் சீராய்வு மனு. வாய்தா மேல் வாய்தா. அனுபவத்தில் இருப்பவர் அறுவடை செய்துகொண்டே இருப்பார், உரிமை உள்ளவர் கோர்ட் வாசலில் நிற்பார்.

இதைத் தடுக்க 1999-ல் நாடாளுமன்றம் இந்த விதியையே நீக்கிச் சட்டம் போட்டது. வழக்கறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நீக்கம் நடைமுறைக்கு வரும் முன்பே, 2002-ம் வருடத் திருத்தச் சட்டம் விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002 ஜூலை 1 முதல் அது அமலானது. ஆனால் ஒரு நிபந்தனை சேர்ந்தது. சாட்சி விசாரணை தொடங்கிய பிறகு திருத்த வேண்டுமானால், உரிய அக்கறை காட்டியும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும்.

இந்தத் திருத்தச் சட்டங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் தமிழ்நாட்டின் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002 அக்டோபர் 25 அன்று சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பானது. நடைமுறைச் சிக்கல்களை ஆராய நீதிபதி ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவும் அமைந்தது. 2005 ஆகஸ்ட் 2 அன்று வந்த அடுத்த தீர்ப்பு, இந்த நிபந்தனையின் நோக்கம் வழக்கை இழுத்தடிக்கும் மனுக்களைத் தடுப்பதே என்று விளக்கியது. விதி செத்துவிடவில்லை, வரம்பு மட்டும் வந்தது.

மேலே சொன்ன அண்ணன் தம்பிக்கு இதில் பாடம் இருக்கிறது. பத்திரத்தையும் சிட்டாவையும் பிராதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைத் தாக்கல் செய்யும் முன்பே செய்துவிட்டால் விதி 17-ன் தயவே தேவைப்படாது.