கரிசல் வெயிலில் சுவாச வைரஸ்களின் ஆயுள்: மல்லாங்கிணற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மல்லாங்கிணறு, விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே உள்ள கரிசல் பூமிப் பேரூராட்சி. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 பாகையை ஒட்டி வெப்பம் நிற்கும். 21 பாகை வேண்டுமென்றால் மார்கழி விடியற்காலை வரை காத்திருக்க வேண்டும். ஆனால் கொரோனா வைரஸ் எந்தப் பொருளின்மீது எத்தனை மணி நேரம் தங்கும் என்று 2020இல் நம் வாட்ஸ்அப் எங்கும் சுற்றிய கணக்குகள், அந்த 21 பாகையை ஒட்டிய அறைகளில் அளந்தவை. அவை இந்த ஊருக்கு எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. பொருள்களின்மேல்

2.1 அளவைகள்

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வான் டோரமாலன் குழு வெளியிட்ட முடிவு இது: பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24, செம்பில் 4. அடுத்த மாதம் ஹாங்காங் ஆய்வாளர்கள் அச்சுத்தாளில் 3 மணி நேரத்துக்குப் பிறகு வைரஸ் இல்லை என்றும், கண்ணாடியில் நான்கு நாள் கழித்தே மறைந்தது என்றும் கண்டனர். தாளையும் அட்டையையும் நம்பிப் பிழைக்கும் சிவகாசி அச்சகங்களுக்கு இது நல்ல செய்திதான். தாளின் நுண்துளைகள் திவலையை உறிஞ்சிப் பரப்பி விரைவாக உலர்த்துவதே காரணம் என்று மும்பை ஐஐடியில் பரத்வாஜும் அகர்வாலும் ஈடுபட்ட ஆய்வு பின்னர் விளக்கியது.

ஆனால் 72 மணி நேரம் என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளாஸ்டிக்கில் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 6.8 மணி நேரம். அந்த இடைவெளிதோறும் பாதி அழிகிறது. 68 மணி நேரத்தில் பத்து முறை பாதியானால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. தொடக்கத்தில் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதே கடைசி எண்ணைத் தீர்மானிக்கிறது. ஆய்வகத்தில் தாராளமாக ஊற்றுவார்கள். மூக்கைத் துடைத்த கை கதவுப் பிடியில் விட்டுச்செல்வது அதில் சொற்பம்.

2.2 எச்சம் வேறு, தொற்றும் திறன் வேறு

கொரோனா பரவிய டயமண்ட் பிரின்சஸ் பயணக் கப்பலின் அறைகளில், பயணிகள் வெளியேறிய 17 நாளுக்குப் பிறகும் வைரஸின் ஆர்என்ஏ இருந்தது. 17 நாள் உயிரோடு இருந்ததாகப் பலர் புரிந்துகொண்டார்கள். பிசிஆர் காட்டுவது மரபுப்பொருளின் எச்சத்தை மட்டுமே. அது செல்லுக்குள் புகுந்து பெருகுமா என்பதை வளர்ப்புச் சோதனைதான் சொல்லும்.

2.3 எல்லா வைரஸும் ஒன்றல்ல

ஃப்ளூ வைரஸ் கடினப் பரப்பில் 24 முதல் 48 மணி நேரம், துணியிலும் தாளிலும் 8 முதல் 12 மணி நேரத்துக்குள், கையில் ஐந்து நிமிடம் என்று 1982இலேயே அளந்திருக்கிறார்கள். கொரோனா, ஃப்ளூ இரண்டுக்கும் கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். சாதாரணச் சளியைத் தரும் ரைனோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது, அதனால் சானிட்டைசருக்கு அவ்வளவு எளிதில் மசியாது.

3. வெப்பமும் வெயிலும்

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ 2020இல் செய்த ஆய்வில் 20 பாகையில், இருட்டில், கண்ணாடியிலும் ரூபாய்த்தாள் போன்ற பணத்தாள்களிலும் 28 நாள் வரை வைரஸ் மீண்டது. பத்திரிகைகள் அந்த 28ஐப் பிடித்துக்கொண்டன. அதே ஆய்வில் 40 பாகையில் பருத்தித் துணியில் 24 மணி நேரத்துக்கு மேலும், மற்றப் பரப்புகளில் 48 மணி நேரத்துக்கு மேலும் வைரஸ் கிடைக்கவில்லை. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வரிதான். அதைத் தலைப்பாக்கியவர்கள் குறைவு. இருட்டை நீக்கினால் ஆயுள் இன்னும் சுருங்கும். நடுக்கோடை வெயிலை ஒத்த ஒளியில், உலர்ந்த எச்சிலில் இருந்த வைரஸில் 90 சதவீதம் ஏழு நிமிடத்துக்குள் செயலிழந்தது. மல்லாங்கிணற்று முற்றத்தில் பகலில் காயும் துணியைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை.

4. அக்கினி நட்சத்திரம் தந்த மறுப்பு

அப்படியானால் வெயில் நம்மைக் காத்திருக்க வேண்டும். காக்கவில்லை. இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் ஒருநாள் தொற்று உச்சம், 36,184 பேர், 2021 மே 21 அன்று பதிவானது. அக்கினி நட்சத்திரத்தின் நட்டநடுவில். புதிய திரிபின் வேகமும் தடுப்பூசி பரவலாகாததும் இதில் சேர்ந்தவை. என்றாலும், பொருள்மேல் தங்கும் ஆயுள்தான் பரவலின் அச்சு என்றால், கோடை இவ்வளவு மோசமாக இருந்திருக்க முடியாது.

தொற்றியது பெரும்பாலும் காற்று வழியாக. ஒருவர் விட்ட மூச்சு எதிரே இருப்பவரை அடையச் சில நொடி போதும்; அந்த நொடிகளில் 40 பாகை என்ன செய்துவிடும்? அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில், மாசுபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர்ச் சந்தை வாசலில் ஆட்கள்மீது கிருமிநாசினி தெளிக்கச் சுரங்கம் அமைத்தார்கள். பல ஊர்கள் அதைப் பின்பற்றின. அதே மாதம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்மேல் தெளிப்பது தீங்கு என்று அறிவித்தது. சட்டையைக் கழுவினாலும் நுரையீரலில் இருப்பது அங்கேயேதான் இருக்கும்.

5. நிற்கும் காற்று

5.1 ஆய்வகம் சொல்வது

பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 2022இல் கண்டது: வறண்ட காற்றில் நுண்திவலையில் உள்ள வைரஸ் பத்து நொடிக்குள் ஏறத்தாழ பாதித் தொற்றுத்திறனை இழக்கிறது, ஈரக் காற்றில் அந்த இழப்பு மெதுவாக நடக்கிறது, எப்படியும் 20 நிமிடத்தில் பத்திலொரு பங்கே மிஞ்சுகிறது. அறையில் கரியமில வாயு சேரச்சேர வைரஸ் நீடிக்கிறது என்று 2024இல் அதே குழு சொன்னது. ஆட்கள் அடைந்து மூச்சுவிட்ட அறை, தொற்றைக் கூட்டுவதோடு வைரஸின் ஆயுளையும் நீட்டுகிறது.

5.2 பட்டாசு அறையும் வண்டியும்

இந்த வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, வெளியே ஓடத் தோதாக வாசல் இருக்க வேண்டும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்பது வெடிவிபத்துக்கு அஞ்சி எழுதிய விதி. தொற்றியல் அறிஞர் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொன்னாலும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருப்பார். விதிப்படி நடக்கும் ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறை, சுவாச வைரஸுக்கு மோசமான இடம். ஆட்களைக் கிராமம் கிராமமாக ஏற்றிவரும் கம்பெனி வண்டிக்கும் மில் வண்டிக்கும் அத்தகைய கட்டுப்பாடு இல்லை. தோளோடு தோள் உரச முக்கால் மணி நேரம். கம்பியைத் துடைப்பதைவிட ஜன்னலைத் திறப்பது பலன் தரும்.

5.3 மழை மாதங்கள்

சென்னை, வேலூர் தரவுகளின்படி ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுகிறது. காற்றில் ஈரம், வெயில் குறைவு, சாத்திய கதவு ஆகியவை ஒன்றாகச் சேரும் காலம் அது. அது தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி வேலையோடும் சேர்ந்துவிடுகிறது. சாரலுக்குப் பயந்து வண்டியின் ஜன்னல்கள் முழுக்க மூடப்படும். காற்றுக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களை மட்டுமாவது திறந்து வைப்பதும், இருமுபவரை அன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லி, போகாத நாளுக்குக் கூலியைப் பிடிக்காமல் இருப்பதும் ஆலைக்காரர் செய்யக்கூடியவை. இரண்டாவதுக்குத்தான் செலவு அதிகம்.