வெற்றுத் தளத்தோடு ஒரு விமானந்தாங்கி

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலில் நடத்திய தாக்குதலை, நண்பர்கள் சிலர் பலகைப் போர் விளையாட்டாக வடிவமைத்து வருகின்றனர். அதில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுக்குரிய காயை வகுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு சதுர அட்டையில் மூன்று எண்களை எழுதினால் முடிந்துவிடும் என்று எண்ணியே தொடங்கினேன்: தாக்கும் வலு, தாங்கும் வலு, வேகம். வேகத்தில் சிக்கல் இல்லை. மணிக்கு 25 கடல் மைல். முதல் எண்ணில்தான் கை நின்றுவிட்டது.

தொடக்கம் முதலே விமானந்தாங்கியாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட உலகின் முதற்கப்பல் ஹெர்மிஸ். 1918 ஜனவரியில் அதன் கட்டுமானம் தொடங்கியது. 1919இல் நீரில் இறக்கப்பட்டபோதும், வடிவமைப்பு பலமுறை மாற்றப்பட்டதால் 1924இல்தான் பணியில் சேர்ந்தது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ 1922இலேயே பணிக்கு வந்து முந்திக்கொண்டது. ஹெர்மிஸில் ஏறத்தாழ 20 விமானங்களுக்கு இடமிருந்தது. எதிரிக் கப்பல்களைச் சுடுவதற்கென ஆறு 5.5 அங்குலப் பீரங்கிகளும் பொருத்தப்பட்டிருந்தன. விமானந்தாங்கியும் பீரங்கிச் சண்டையில் இறங்க நேரும் என்று கருதிய காலத்தின் எச்சம் அவை. வானிலிருந்து வரும் தாக்குதலுக்கு எதிராக அவற்றால் பயனில்லை.

1942 ஏப்ரல் 8ஆம் நாள் ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நெருங்குவது தெரியவந்தது. துறைமுகத்தில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதால், அன்றிரவே ஹெர்மிஸும் ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரும் திருகோணமலையை விட்டுத் தெற்கே சென்றன. மறுநாள் காலை திருகோணமலை குண்டுவீச்சுக்கு உள்ளானது. இரு கப்பல்களும் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுகொண்டது. 80க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு வந்தன. அவ்வேளையில் ஹெர்மிஸின் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் 814ஆம் அணி திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளத்தில் நின்றது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. தலைவர் ரிச்சர்டு ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வாம்பயரும் மூழ்கியது. நீரில் தத்தளித்தோரில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

அப்படியானால் தாக்கும் வலுவின் கட்டத்தில் எந்த எண்ணை எழுதுவது? கொள்ளளவின்படி 20 விமானங்களின் வலுவையா, அன்றைய நிலையின்படி சுழியத்தையா?

மொழியியல் பயின்றவன் என்பதால் சொல்லிலிருந்தே இச்சிக்கலை அணுகினேன். சுமைதாங்கி, இடிதாங்கி, விமானந்தாங்கி ஆகிய மூன்றும் ஒரே வகையில் ஆக்கப்பட்ட பெயர்கள். வழியோரச் சுமைதாங்கியின்மேல் சுமை இல்லாத பொழுதும் அது சுமைதாங்கியே. இப்பெயர்கள் ஒரு பொருளின் இயல்திறனைச் சொல்கின்றன. இக்கணத்து நிலையைச் சொல்வதில்லை. அட்டையில் அச்சிடும் எண்ணும் அவ்வாறே.

1898இல் ஃபிரெட் ஜேன் தம் கடற்போர் விளையாட்டை வெளியிட்ட காலத்தில், கவசத்தின் தடிப்பையும் பீரங்கியின் அளவையும் கொண்டு கப்பலை மதிப்பிடுவது பொருத்தமாகவே இருந்தது. பீரங்கி கப்பலோடு பிணைந்தது. கப்பல் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்லும். விமானம் அப்படியன்று. கப்பல் ஓரிடத்திலும் அதன் வலு வேறிடத்திலும் இருக்கக்கூடும்.

விமானங்கள் உடனிருந்தால் மட்டும் போதுமா? அதுவுமில்லை. 814ஆம் அணியின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் நீர்மூழ்கிக் குண்டு சுமக்கும் ஈரடுக்கு இறக்கை விமானங்கள். குண்டுவீச்சு விமானங்களை வானில் எதிர்த்து விரட்டுபவை அல்ல. 1941 ஜனவரி 10இல் இல்லஸ்டிரியஸ் தாக்கப்பட்டபோது அதன் காவல் விமானங்கள் வானில்தான் இருந்தன. ஆனால் இத்தாலிய விமானங்களைத் துரத்திக்கொண்டு தாழப் பறந்துவிட்டதால், உயரத்திலிருந்து பாய்ந்த ஜெர்மானிய விமானங்களை அவற்றால் தடுக்க இயலவில்லை. ஆறு குண்டுகள் விழுந்தும் கப்பல் மால்டாவை அடைந்தது. 3 அங்குலக் கவசத் தளம் அதற்கு ஒரு காரணம். ஹெர்மிஸுக்கு அக்கவசமும் இல்லை.

ஆகவே காயை இரண்டாகப் பிரித்தேன். கப்பலுக்கு ஓர் அட்டை. அதில் வேகமும் தாங்கும் வலுவும் மட்டுமே உண்டு. தாக்கும் வலுவின் கட்டம் வெறுமையாக இருக்கும். விமான அணிக்குத் தனி அட்டை. அதைக் கப்பலின்மேலோ கரைத்தளத்தின்மேலோ வைக்கலாம். காவல் விமானங்கள் கரையிலிருந்து வர வேண்டுமானால், செய்தி சென்றடையும் நேரமும் பறந்துவரும் நேரமும் கழிந்தாக வேண்டும். ஆட்டக்காரரின் முதன்மையான முடிவு, குண்டுகள் விழும் வேளைக்குரியது அன்று, முந்தைய மாலைக்குரியது. துறைமுகத்தில் தங்குவதா, வெளியேறுவதா? வெளியேறினால் எவ்வளவு தொலைவு? எப்போது திரும்புவது?

“வெறும் கட்டத்தோடு இருக்கும் காயை யார் விரும்பி ஆடுவார்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அக்கட்டத்தில் 20 விமானங்களின் வலுவை எழுதிவிட்டால், ஹெர்மிஸை இழந்த ஆட்டக்காரர் பகடையின்மேல் பழிபோடுவார். ஆன்ஸ்லோவின் கையில் அத்தகைய பகடையே இருக்கவில்லை. அக்கப்பலும் 307 பேரும் தற்செயலாகத் தோற்றார்கள் என்று சொல்லும் விளையாட்டு, வரலாற்றைத் தவறாகச் சொல்கிறது.

ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். செய்தி சென்றடையும் தாமதத்தை எத்தனை முறைகளாகக் கணக்கிடுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இத்தகைய விளையாட்டுகளை வடிவமைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.